டாங்கிக்கு முதல் எதிரி சேறு: மிஷன் விமர்சகர்களுக்குச் சில கேள்விகள்

பொதுப்பணித்துறையின் பழைய ஆங்கிலக் கோப்புகளைப் புரட்டினால் திருநெல்வேலிச் சீமை முழுக்க 'டேங்க்' மயம்தான். பயப்பட வேண்டாம், அத்தனையும் குளம்! குளத்துக்கு வெள்ளைக்காரன் எழுதிய பெயர் அது. பீரங்கி வைத்த இரும்பு வண்டிக்கு அதே பெயர் வந்த கதையிலும் தண்ணீர் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். விஷயம் வெளியே கசியாமல் இருக்க, தண்ணீர்த் தொட்டி தயாராகிறது என்று கதை கட்டினார்கள். தொட்டியின் பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. 1916 செப்டம்பர் 15-ல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதல்முறையாக இறங்கியது.

பெயரிலேயே தண்ணீரைச் சுமக்கிற வண்டி. ஆனால் டாங்கி சிமுலேஷன் விளையாட்டுகளுக்கு ரசிகர்களே செய்து வெளியிடும் மிஷன்களைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களில் பெரும்பாலும் இல்லாத ஒரே சமாச்சாரம் தண்ணீர்தான். சேறு இல்லை, வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை. "மொத்தம் நாற்பது டாங்கி, செம சண்டை, வெடிக்கும்போது ஸ்பீக்கர் அதிருது, பத்துக்கு ஒன்பது" என்கிற ரகம்தான் அதிகம். இதற்குப் பெயர் விமர்சனமா? தீபாவளிக்கு வாங்கிய வெடிக்கட்டைப் பற்றிக்கூட இதே நாலு வரியை எழுதலாமே!

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 2000-ல் வந்த 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்', 2001-ல் வந்த 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்', 2007-ல் வந்த 'ஸ்டீல் ஃப்யூரி' போன்றவற்றில் மிஷன் எடிட்டர் என்று ஒன்று உண்டு. எந்த இடம், எத்தனை வண்டி, யார் எங்கிருந்து வருவது, எப்போது ஜெயிப்பது என எல்லாவற்றையும் விளையாடுகிறவரே அமைத்து மற்றவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். இவை வெறும் சுடு, ஓடு விளையாட்டுகள் இல்லை. 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்' வகையறாவின் தொழில்முறைப் பதிப்பில் ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளின் ராணுவங்களே பயிற்சி எடுக்கின்றன. அப்படிப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் கோலிக்குண்டு பரப்பியதுபோல டாங்கிகளைப் பரப்புவதும், அதற்குக் கைதட்டுவதும்தான் இங்கே பிரச்சினை.

நிலம் என்பது வால்பேப்பர் இல்லை

ஆவடியில் பிறந்த அர்ஜுன் மார்க்-1 டாங்கியின் எடை சுமார் 58 டன். ஆனால் அந்த எடை இரண்டு அகலமான சங்கிலிப் பட்டைகளில் பரவி விடுகிறது. அதனால் தரையில் விழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ரோட்டில் போகிற சாதாரணக் காரின் டயர் அதைப்போல இரண்டு மடங்கு அழுத்துகிறது. நம்பக் கஷ்டமாக இருந்தாலும் கணக்கு அதுதான்.

அப்படியானால் சேற்றில் டாங்கி ஜம்மென்று போகுமே? போகும், கொஞ்ச தூரம். அதே தடத்தில் நாலாவது வண்டி வரும்போது தடம் பள்ளமாகியிருக்கும். திரும்பினால் பட்டை மண்ணைப் பக்கவாட்டில் வாரிக் குவிக்கும். வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டால் பட்டை சும்மா சுற்ற வேண்டியதுதான். இழுக்க வருகிற இரண்டாவது வண்டிக்கும் அதே கதி. தொழி வயலில் கேஜ் வீல் மாட்டாமல் டிராக்டரை இறக்கிவிட்டு முழிக்கிற டிரைவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1917 ஜூலை 31-ல் பெல்ஜியத்தில் பாஷண்டேல் போர் தொடங்கியது. குண்டுவீச்சு வடிகால்களை நாசமாக்கியிருந்தது, மேலே மழை வேறு. டாங்கிகள் சேற்றில் புதைந்தன. அதே வருடம் நவம்பர் 20-ல் கம்ப்ரே என்ற இடத்தில், கெட்டியான தரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, 476 டாங்கிகளைத் திரட்டி இறக்கினார்கள். ஒரே நாளில் பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டார்கள். அதே ராணுவம், அதே மாதிரி வண்டி, வேறு மண். ஒரு மிஷனில் மண் சரியில்லை என்றால் மீதி எல்லாம் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

அசல் உத்தர்: கெடுப்பதற்கு ரொம்ப எளிதான மிஷன்

இந்திய ரசிகர் எவரும் மிஷனாகச் செய்து பார்க்க ஆசைப்படும் போர் ஒன்று உண்டென்றால் அது 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரன் பக்கம் அசல் உத்தரில் நடந்ததுதான். வந்தது பாகிஸ்தானின் முதல் கவச டிவிஷன். கையில் அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகள். எதிரே இந்தியாவின் 4-வது மலை டிவிஷனும், பிரிகேடியர் தாமஸ் தியோகராஜ் தலைமையில் 2-வது தனிக் கவசப் பிரிகேடும். இந்தியத் தரப்பில் செஞ்சூரியன் தவிர, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஷெர்மன்களும், இலகுவான ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளும்தான் இருந்தன.

இந்தியத் தரப்பு பின்வாங்கி, குதிரை லாடம்போல வளைந்து நின்றது. ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் தண்ணீரை வயல்களில் திறந்துவிட்டார்கள். டாங்கிகள் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்து நின்ற கரும்புக்குள் ஒளிந்துகொண்டன. வந்த பேட்டன்கள் சேற்றில் திணறின. வேகம் போனது. முன்பக்கத்தின் தடித்த கவசத்துக்குப் பதிலாக மெலிந்த விலாப்பக்கம் குறியில் மாட்டியது. கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் ஹவில்தார் அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய ஒரு பீரங்கியை வைத்துக்கொண்டே பல பேட்டன்களை நொறுக்கிவிட்டு உயிரை விட்டார். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. மூன்று நாளில் 97 பாகிஸ்தான் டாங்கிகள் அழிந்தன அல்லது பிடிபட்டன என்பது இந்தியத் தரப்புக் கணக்கு.

இப்போது இதைக் காய்ந்த சமவெளியில் வைத்து மிஷன் செய்தால் என்ன ஆகும்? இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் முப்பது. தூரத்திலிருந்தே எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். எவன் முதலில் சுட்டானோ அவன் ஜெயித்தான். அப்துல் ஹமீதின் ஜீப் முதல் நிமிடத்திலேயே காலி. விளையாடி முடித்தவர் மனதில் நிற்பது என்ன? 'யாரிடம் பெரிய டாங்கி இருந்ததோ அவன் ஜெயித்தான்.' நடந்ததற்கு நேர் எதிரான பாடம்!

இதில் கொடுமை என்னவென்றால், யாராவது சிரமப்பட்டுச் சேற்றையும் கரும்பையும் சரியாக வைத்து மிஷன் செய்தாலும் விமர்சகருக்குப் பிடிக்காது. "டாங்கி சிக்கிக்கிச்சு, கடுப்பாயிடுச்சு, பேலன்ஸ் சரியில்ல" என்பார். ஐயா, அந்தக் கடுப்புதான் அசல் உத்தர்! போரில் ஏது பேலன்ஸ்? பேலன்ஸ் வேண்டுமென்றால் செஸ் ஆடலாமே.

தாமிரபரணிக் கரையில் ஒரு டாங்கி

சரி, ஒரு கற்பனை. ஒருவர் சேரன்மகாதேவிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஒரு டாங்கி மிஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரைத் திறந்து என்ன செய்வார்? பச்சையை அள்ளிப் பூசுவார். நடுவில் நீலமாக ஒரு கோடு, ஆறு. கறுப்பாக ஒரு கோடு, ரோடு. முடிந்தது.

ஆனால் இந்தப் படுகையில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய். அவற்றிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். அரை கிலோமீட்டர் நேராகப் போவதற்குள் எத்தனை வாய்க்கால், எத்தனை வரப்பு, எத்தனை குளத்துக்கரை! டாங்கி ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

காலம்? பிசானத்துக்குத் தொழி அடித்துக் கிடக்கிற ஐப்பசி வயலில் இறங்கும் டாங்கியும், அறுப்பு முடிந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற பங்குனி வயலில் இறங்கும் டாங்கியும் ஒன்றா? ஒரே வயல், ஐந்து மாத இடைவெளியில் இரண்டு போர்க்களம். மிஷனின் தேதியைப் பார்த்துத் திட்டியோ பாராட்டியோ எழுதியவர் எத்தனை பேர்?

பாலம்? திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கல்வளைவுகள்மேல் 68 டன் எடையுள்ள அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியை வரிசையாக ஓட்டிப்போகிற மிஷனைப் பார்த்து, "இந்தப் பாலம் தாங்குமா?" என்று கேட்பவர்தான் விமர்சகர். கேட்காதவர் வேடிக்கை பார்ப்பவர்.

தெற்கே போனால் தேரிக்காட்டுச் செம்மணல். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவனுக்கு 1971 டிசம்பரில் லோங்கேவாலா மணலில் பாகிஸ்தான் டாங்கிகள் ஏன் திக்கித் திணறின என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வடக்கே கரிசல். நாலு மழை பெய்தால் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்கிற மண். அந்தப் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியில் 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் திரும்ப எழுப்பியது வெறும் மண்கோட்டை. கும்பினிப் படை மார்ச் மாதம் பீரங்கியால் அடித்துப் பார்த்து, ஏறிப் பார்த்து, தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்த பிறகு மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. இரும்பை மண் தடுத்து நிறுத்தும் என்பது இந்தச் சீமைக்குப் புதுச் செய்தி இல்லை.

ஆக, டாங்கி மிஷனை மதிப்பிட உலகத்திலேயே தகுதியான ஆள் யார்? வயலில் கால் வைத்த நெல்லைப் பையன். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவனும் தான் அறிந்ததை எல்லாம் மறந்துவிட்டு, 'கிராபிக்ஸ் சூப்பர்' என்று எழுதுகிறான். அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

"சும்மா கேம்தானே?"

இப்படிக் கேட்பவர்கள் வருவார்கள். சும்மாதான் என்றால் சிமுலேஷன் எதற்கு? டாங்கியின் பீரங்கிக் குழாய் எத்தனை மில்லிமீட்டர், கவசம் எத்தனை தடிமன் என்று நாள்கணக்கில் சண்டை போடுகிற அதே ஆட்கள், தரையைப் பற்றிக் கேட்டால் மட்டும் "கேம்தானே" என்கிறார்கள். இரும்புக்கு ஒரு நியாயம், மண்ணுக்கு ஒரு நியாயமா?

அடுத்து, "இலவசமாகக் கொடுத்ததைக் குறை சொல்லலாமா, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார்கள். பார்க்க வேண்டும்! உழவில் பூட்டப்போகிற மாடு என்றால் பார்த்தே ஆகவேண்டும். பல ராத்திரி கண்விழித்து மிஷன் செய்கிறவருக்கு 'சூப்பர்' என்ற ஒரு சொல் என்ன உதவி? 'வடக்கு வாய்க்காலில் டாங்கி இறங்கி ஏறிவிடுகிறது, இறங்கக்கூடாது' என்று ஒரு வரி எழுதினால் அடுத்த பதிப்பு நன்றாக வரும். அதுதான் உண்மையான மரியாதை.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கனமானது. தரையைப் படமாகப் பார்த்துப் பழகிய கண், மனிதரையும் பார்க்காது. அசல் உத்தரில் தண்ணீர் திறந்துவிட்ட வயல் யாரோ ஒருவருடையது. சங்கிலிப் பட்டையில் அரைபட்ட கரும்பு யாரோ ஒருவரின் ஒரு வருட உழைப்பு. மிஷனில் வயல் இல்லையென்றால் அந்த விவசாயியும் இல்லை. போர் என்பது ஆளில்லாத பச்சைக் கம்பளத்தில் இரண்டு இரும்புகள் மோதுவது என்று ஒரு தலைமுறை நம்பிக்கொண்டு வளரும்.

தண்ணீரை அலங்காரமாக நினைத்தால் என்ன ஆகும் என்று தாமிரபரணிக்காரர்களுக்கு 2023 டிசம்பர் 17, 18-ல் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அத்தனை டன் இரும்பும் நிற்பது கீழே இருக்கிற மண்ணை நம்பித்தான். அது போனால் எஞ்சின் இருந்தும் பயனில்லை, பீரங்கி இருந்தும் பயனில்லை.

ஆகவே, அடுத்த முறை ஒரு டாங்கி மிஷனுக்கு மதிப்பெண் போடுவதற்கு முன் விமர்சகர்கள் ஐந்தே ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும்.

1. இது எந்த மாதம்? அந்த மாதத்தில் இந்தத் தரை எப்படி இருக்கும்?
2. தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?
3. இங்குள்ள பாலம் எத்தனை டன் தாங்கும்?
4. இங்கே நிற்பவனுக்கு எவ்வளவு தூரம் தெரியும்? எது மறைக்கிறது?
5. இது யாருடைய வயல்?

ஐந்துக்கும் பதில் இருக்கிற மிஷனில் மூன்றே டாங்கி இருந்தாலும் அதற்குப் பத்துக்குப் பத்து போடலாம். ஒன்றுக்கும் பதில் இல்லாத மிஷனில் முன்னூறு டாங்கி ஓடினாலும் அது வெறும் வெடிக்கட்டு.

பி.கு: ஐந்தாவது கேள்வி விளையாட்டுக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள், ஸ்கோர் திரை வந்த பிறகு எழுந்து போய்விடாமல் ஒரு நிமிடம் அந்த வரைபடத்தைத் திரும்பப் பார்க்கட்டும். சண்டை முடிந்த தரையில் அடுத்த பூவுக்கு நாற்று நடப்போவது யார் என்று யோசித்துவிட்டு அப்புறம் மதிப்பெண் போடட்டும்.