தரிசு என்று எழுதிய கை

மீளுருவாக்க வேளாண்மை பற்றிய கருத்தரங்குகளில் ஒரு சடங்கு நிலைபெற்றுவிட்டது. வர்ஜீனியாவின் குடும்பப் பண்ணையொன்று திரையில் தோன்றும். மாடுகளை நாள்தோறும் புதுப் புல்லுக்கு நகர்த்துவதும், மேய்ந்த நிலத்துக்கு ஓய்வளிப்பதும், சாணத்தால் மண்ணை வளப்படுத்துவதும் புதிய கண்டுபிடிப்புகளாக விளக்கப்படும். அவையோர் பயபக்தியுடன் குறிப்பெடுப்பர். கட்ச் மாவட்டத்துப் பன்னி புல்வெளியில் தலைமுறைகளாக மேய்ச்சலால் வாழும் மால்தாரிக் குடும்பங்களோ, அதே அவையில் 'மிகைமேய்ச்சல்' என்னும் தலைப்பின்கீழ்தான் பேசப்படுகின்றன.

பன்னி எருமைகள் வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டு, இரவெல்லாம் மேய்ந்து, விடியலில் கறவைக்குத் தாமே ஊர் திரும்புபவை. 2010இல் அவை தனி இனமாகப் பதிவு பெற்றன. அதற்கு அடிப்படையான தெரிவும் வளர்ப்பும் எந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்தவை அல்ல.

'மால்' என்றால் உடைமை, செல்வம். மால்தாரி, அதனை உடையவர். தமிழிலும் மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. ஆங்கிலேய வருவாய்த்துறையின் அகராதி வேறு: வரி தராத நிலம் வீண்நிலம். அந்த அகராதி இன்னும் வழக்கொழியவில்லை. 2000 முதல் வெளிவரும் இந்தியத் தரிசுநில வரைபட ஏட்டில் புதர்நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் தரிசின் வகைகள். தரிசென்று எழுதியபின் அங்கே மரம் நடலாம், சூரியத் தகடு பதிக்கலாம், கேட்பாரில்லை. (தமிழக ஊர்களின் மேய்க்கால் புறம்போக்கு நினைவுக்கு வரலாம். அந்தப் 'புறம்போக்கு' இன்று வசைச்சொல்.)

பன்னியில் 1961இல் வனத்துறை சீமைக் கருவேலத்தை விதைத்தது. உப்புப் பாலை பரவுவதைத் தடுப்பதே நோக்கம். இன்று புல்வெளியின் ஏறத்தாழப் பாதி அம்மரத்தின் பிடியில். அதன் நெற்றுகளைத் தின்ற காங்க்ரேஜ் மாடுகள் செரிமானம் கெட்டு நலிந்தன. கட்ச் மக்கள் அதற்கிட்ட பெயர் 'காண்டோ பாவள்', பைத்தியக் கருவேலம். துறைசார் அறிக்கைகள் அனைத்தையும்விடத் துல்லியமான கலைச்சொல் இது.

மேய்ச்சல் மண்ணில் சேர்க்கும் கரிமம் குறித்து ஆர்வலர் சொல்லும் கணக்குகள் ஐயத்துக்குரியவையே. எருமையும் மீத்தேன் விடும். ஆனால் இந்த ஐயம் வர்ஜீனியாவின் படத்தின்மேல் எழுவதில்லை, பன்னியின்மேல் மட்டுமே எழுகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

மேய்ச்சல் குடிகளின் பருவகால உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வெளிப்படையாகவே ஏற்கிறது. பன்னியைக் காக்கக் கோரித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை 2018இல் அணுகியதும் மால்தாரிகளின் அமைப்பே. ஆக்கிரமிப்புகளை ஆறு மாதத்துக்குள் அகற்றுமாறு 2021இல் ஆணை பிறந்தது. மிகைமேய்ச்சல்காரர்கள் என்று ஏசப்படுவோர்தாம் புல்லுக்காக வழக்காடினர்.

2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் குடிகளுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. கருத்தரங்குகளுக்குக் குறைவிராது. பேச்சாளர் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன், அதில் கால்நடை வளர்ப்பவர் ஒருவரேனும் இருக்கிறாரா என்று அமைப்பாளர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.