பாஸ்வேர்டு திருட்டு: ‘என்க்ரிப்ட்’ வேற, ‘ஹேஷ்’ வேற!

தகவல் கசிந்தாலே நிறுவனங்கள் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: “பாஸ்வேர்டுகள் என்க்ரிப்ட் செய்யப்பட்டவை.” அதை அப்படியே நம்பிடலாமா?

என்க்ரிப்ஷன் என்றால்?

பூட்டு மாதிரி. சாவி இருந்தால் திறந்து படிக்கலாம். வாட்ஸ்அப் மெசேஜுக்கு இது சரி. பாஸ்வேர்டுக்குச் சரிவராது, சாவி போனால் எல்லாமே போச்சு.

ஹேஷ்?

அரைத்த மாவு மாதிரி. திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்க லாகின் செய்யும்போது டைப் பண்ணுவதையும் ஹேஷ் ஆக்கி, இரண்டும் ஒன்றா என சர்வர் பார்க்கும். திருடர்களும் ‘123456’ போன்ற ஊகங்களை ஹேஷ் ஆக்கி ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

சால்ட்?

ஒரே பாஸ்வேர்டு என்றால் ஹேஷும் ஒன்றுதான். அதைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்கும் ரேண்டம் எழுத்துகளே சால்ட்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2012-ல் லிங்க்ட்இன்னின் சுமார் 65 லட்சம் ஹேஷ்கள் வெளியாகின. சால்ட் இல்லாததால் பெரும்பகுதி சீக்கிரமே உடைந்தது. 2013-ல் அடோபியில் கசிந்தவை ஹேஷ் அல்ல. ஒரே சாவியால் என்க்ரிப்ட் ஆனவை. சாவி கிடைக்காமலேயே, கூடவே கசிந்த ‘ஹின்ட்’ வரிகளை வைத்துப் பல பாஸ்வேர்டுகளை ஊகித்துவிட்டார்கள்.

நீங்க என்ன செய்யணும்?

அடுத்த முறை கேளுங்க: ஹேஷா? சால்ட் உண்டா? ஊகிப்பதைத் தாமதப்படுத்தும் பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறையா? பதில் எதுவானாலும் பாஸ்வேர்டை மாத்தணும். அதையே வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கேயும் மாத்தணும். எவ்வளவு அவகாசம் இருக்கு என்பதைத்தான் அந்தப் பதில் சொல்லும்.