33 சதவீத ஓட்டு, 150 சீட்! ஓட்டு பிரிந்தால் இதுதான் கதி
சென்னை:
"ஜனங்க ஆதரவு யாருக்கு அதிகம்?" தேர்தல் வந்துவிட்டால் டீக்கடை பெஞ்சிலே முதலில் எழும் கேள்வி இது. ஆனால் ஜெயிப்பது யார் என்பதை முடிவு செய்வது இன்னொரு கேள்வி. எதிர் ஓட்டு எத்தனை துண்டாகிறது?

கணக்கு ரொம்ப சுலபம். 100 ஓட்டு விழுகிறது. ஒருவருக்கு 40, அடுத்தவருக்கு 35, மூன்றாமவருக்கு 25. 40 வாங்கியவர்தான் எம்.எல்.ஏ.! அவர் வேண்டாம் என்று போட்ட 60 ஓட்டும் வீண். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

சேவலும் புறாவும்

இதற்குச் சாட்சி 1989. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் காலமானதும் அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்கு சேவல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. காங்கிரசும் தனியாகக் குதித்தது.

ஜனவரி சட்டசபைத் தேர்தலில் தி.மு.க. வாங்கியது சுமார் 33 சதவீதம். கிடைத்ததோ 150 சீட்! 13 ஆண்டுக்குப் பின் கருணாநிதி மீண்டும் முதல்வர் ஆனார்.

சேவலுக்கு சுமார் 21 சதவீதம், புறாவுக்கு 9, காங்கிரசுக்கு 20. மூன்றையும் கூட்டினால் 50. சீட்டு? 27, 2, 26. மொத்தமே 55தான்!

மீண்டும் இலை

அடுத்த மாதமே இரண்டு அணியும் ஒன்றாயின. இலை திரும்பி வந்தது. தள்ளிப்போன மருங்காபுரி, மதுரை கிழக்கு தேர்தல்கள் மார்ச்சில் நடந்தன. இரண்டிலும் அ.தி.மு.க.வே ஜெயித்தது.

நவம்பரில் பார்லிமெண்ட் தேர்தல். அ.தி.மு.க.வும் காங்கிரசும் கை கோத்தன. 39 தொகுதியில் 38 அவர்களுக்கு! ஆளும் தி.மு.க.வுக்குப் பூஜ்யம்.

பத்தே மாதத்தில் தி.மு.க.வை ஜனங்கள் அடியோடு மறந்துவிட்டார்களா? இல்லை. அப்போதும் அதற்கு லட்சக்கணக்கில் ஓட்டு விழுந்தது. சிதறிக் கிடந்த எதிர் ஓட்டு ஒரே பக்கம் சேர்ந்ததுதான் முக்கியக் காரணம். ஜனவரியில் சேவல், புறாவுக்குப் போட்டவர் கை பிசைந்தார். நவம்பரில் அந்த நிலைமை உதயசூரியனுக்குப் போட்டவருக்கு!

வேறு வழி

பிரான்சில் ஜனாதிபதி தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் மறுபடி ஓட்டுப்பதிவு உண்டு. இலங்கைப் பார்லிமெண்டில் 1989 முதல், வாங்கிய ஓட்டுக்கு ஏற்றபடி சீட்டு.

இங்கே இரண்டும் இல்லை. அதனால்தான் கொள்கைப் பேச்சுக்கு முன்னாலேயே தொகுதிப் பேரம் களை கட்டுகிறது. இரண்டு கட்சி சேர்ந்தால் இரண்டின் ஓட்டும் அப்படியே சேர்ந்துவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

ஓட்டுப் போடுகிறவருக்கோ எப்போதும் இரட்டைத் தலைவலி. பிடித்தவருக்குப் போடுவதா, பிடிக்காதவரைத் தோற்கடிக்கிறவருக்குப் போடுவதா?