பக்கத்து வீட்டுப் புல்லை நம் பிள்ளை வெட்டட்டும்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற பேச்சு அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுகிறது. கோடிங் கேம்ப், ரோபாட்டிக்ஸ், எஸ்ஏடி பயிற்சி, அடுத்த வகுப்புக் கணக்கு. உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதில் மகனோ மகளோ இருந்தால், அந்தப் பட்டியலில் ஒன்றை அடித்துவிட்டு, தெருவில் நாலு வீட்டுப் புல்வெளியைக் கூலிக்கு வெட்ட அனுப்புங்கள் என்கிறோம்.

"நம்ம புள்ள அடுத்தவங்க வீட்டுல போய் புல்லு வெட்டணுமா?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் சாதி இருக்கிறது. உடம்பு வளைந்து செய்யும் வேலையை இன்னார்தான் செய்ய வேண்டும் என்று ஒதுக்கிவைத்த ஊர்ப் புத்தி, நம்மோடு விமானம் ஏறி வந்திருக்கிறது. வாரம் தவறாமல் லாரியில் வந்து, அரை மணி நேரத்தில் நம் முற்றத்தைச் சீர்செய்துவிட்டுப் போகிறவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூலை வெயிலில் ஒரு முறையாவது புல் வெட்டும் மெஷினைத் தள்ளிய பிள்ளை, அவரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

அந்த வேலை கற்றுத்தருவதை எந்த கேம்ப்பும் தராது. முந்தைய இரவு மழை பெய்திருந்தால், ஈரப் புல் மோவரின் அடியில் அப்பிக்கொண்டு இன்ஜின் திணறி நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிய பிறகுதான் அடியில் குச்சியை விட்டுச் சுரண்ட வேண்டும். வளர்ந்துபோன புல்லை ஒரே தடவையில் ஒட்ட வெட்டினால் புல் வெந்து பழுப்பாகிவிடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லாம் முடிந்தது என்று நிமிரும்போது, வீட்டுக்காரப் பாட்டி வந்து வேலியோரம் வெட்டாமல் விட்ட பட்டையைக் காட்டுவார். முகம் சுளிக்காமல் மறுபடி கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்ப வேண்டும். அதற்கும் முன்னால், முன்பின் பேசாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, "முப்பது டாலர்" என்று குரல் நடுங்காமல் சொல்லியிருக்க வேண்டும்.

மெஷினை அப்பா பரிசாக வாங்கித் தரக் கூடாது. பழைய மோவர் ஒன்றைக் கடனாக வாங்கிக் கொடுங்கள். பெட்ரோலும் எண்ணெயும் போக மிஞ்சுவதில் பிள்ளை தவணை கட்டட்டும். ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் சுயதொழில் வரிக்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் படிவத்தையும் பிள்ளையே உட்கார்ந்து நிரப்பட்டும்.

கோடையில் வேலைக்குப் போகும் வழக்கம் இந்த நாட்டிலேயே தேய்ந்துவருகிறது. 16 முதல் 24 வயதுள்ளவர்களில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் 1989 ஜூலையில் 77.5 சதவீதம். அண்மை ஆண்டுகளின் ஜூலை மாதங்களில் அது 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் தெருவில் கேட்டால் வேலை கிடைக்கும். கூலித் தொழிலாளியின் பிழைப்பில் கை வைக்கிறோமா என்ற கேள்வி நியாயமானது. கம்பெனிக்குக் கொடுக்க வசதி இல்லாத முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் முதலில் அந்த வீடுகளுக்குப் போகட்டும்.

ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டோம். 14, 15 வயதுப் பிள்ளையை ஒரு நிறுவனம் மோட்டார் மோவர் ஓட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. சொந்தமாகச் செய்யும் பிள்ளையை அந்தத் தடை தொடாது. எனவே சட்டம் விட்ட இடத்தில் பெற்றோர்தான் நிற்க வேண்டும். தள்ளும் மோவருக்குக் குறைந்தது 12 வயது, ஏறி ஓட்டும் மோவருக்கு 16 என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது 1982 முதல் உள்ள விதி. அந்தக் கம்பியைக் கயிற்றால் கட்டிவைத்த பழைய மெஷினை வீட்டுக்குள் விடாதீர்கள். மூடிய காலணி, கண்ணாடி, காதடைப்பான் வேண்டும். வெட்டும் முன் கல்லும் குச்சியும் பொறுக்கிவிட வேண்டும். முதல் சில வாரம் நீங்களும் கூடவே நில்லுங்கள்.

நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எச்-4 விசாவில் உள்ள பிள்ளைகள் கூலிக்கு வேலை செய்யச் சட்டத்தில் இடமில்லை. பக்கத்து வீட்டுப் புல் என்றாலும் காசு வாங்கக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் பெற்றோர் காத்திருக்கும் ஒரே காரணத்துக்காக, வகுப்புத் தோழன் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை கொடுமை. ஆனால் அந்தப் பிள்ளைகளும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் ராட்னி ஸ்மித் ஜூனியர் நடத்தும் இயக்கம், முதியோர், மாற்றுத்திறனாளிகள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெற்றோர், முன்னாள் படைவீரர் ஆகியோரின் 50 முற்றங்களை இலவசமாக வெட்டும்படி பிள்ளைகளை அழைக்கிறது. பத்துப் பத்தாக முடிக்க முடிக்க, இயக்கம் தரும் சட்டையின் நிறம் மாறும். எதையும் வாங்கிக்கொள்ளாமல் தன் தெருவிலேயே இதைச் செய்ய எந்தப் பிள்ளைக்கும் வழி உண்டு.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆண்டு விழாவில் குறள் ஒப்பித்தவர்களுக்குக் கேடயம் கொடுக்கின்றன, நல்ல வழக்கம். அந்த விழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பள்ளி வாகன நிறுத்தத்தில் இரண்டு மோவர்களை வைத்து, எண்ணெய் மாற்றவும் பிளேடைச் சாணை பிடிக்கவும் பாதுகாப்பாக ஓட்டவும் சொல்லிக்கொடுங்கள். அமெரிக்கா முழுவதும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் இதே கோரிக்கையை வைக்கிறோம். புல் ஏப்ரலிலேயே வளரத் தொடங்கிவிடும். மே மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.