நள்ளிரவில் காலாவதியாகும் கூலிப் பணம்: இரண்டாவது சிம் பற்றிச் சில சொற்கள்

மடிக்கணினியைக் கொடுக்கிற அரசு, அதற்கான இணையம் எங்கிருந்து வரும் என்று கேட்பதில்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினிச் சாதனம் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் நம் குடியிருப்புகளில் ஒரு மடிக்கணினி திறக்கப்படும்போது, பெரும்பாலும் பக்கத்தில் ஒரு கைபேசியும் இருந்தாக வேண்டும். அதன் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் வகுப்பு, தேர்வு விண்ணப்பம், கல்வி உதவித்தொகைப் பதிவு எல்லாம் நடக்கின்றன.

அந்தக் கைபேசி யாருடையது? வீட்டில் சம்பாதிப்பவருடையது. காலை ஏழு மணிக்கு அப்பாவின் சட்டைப்பையிலோ அம்மாவின் சுருக்குப்பையிலோ ஏறி, வீட்டின் இணையமும் வேலைக்குப் போய்விடுகிறது. மாலையில் அது திரும்பி வரும்போது அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்திருக்கும். நகரத்து நடுத்தர வர்க்கம் ‘மாற்று இணையம்’ என்று சொல்வது, பிராட்பேண்ட் அறுந்தால் சமாளிக்க இன்னொரு வழி என்ற பொருளில். நம் வீட்டிலோ அது பகல் நேரத்தில் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே இணையம். ஆகவே, பயன்படுத்துகிற அளவுக்கு மட்டும் காசு கட்டும் ஒரு இரண்டாவது சிம் என்பது ஆடம்பரச் செலவு அல்ல. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும், ஏன் நமக்கு நியாயமான தேர்வே கிடைப்பதில்லை என்பதும் நாம் பேச வேண்டிய செய்திகள்.

கம்பிவழி இணையம் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கிராமங்களில் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. கம்பி ஊர்த்தெருவைத் தாண்டித்தான் சேரிக்கு வர வேண்டும். பத்து வீடு சேர்ந்தால்தான் இழுப்போம் என்பார்கள். முன்பணம் கேட்பார்கள். சிக்கலான காலத்தில் கேபிள் ஒயர் எவ்வளவு எளிதில் அறுபடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(zc) பிரிவின்படி குற்றம். 2015 திருத்தத்தால் வந்த இந்தப் பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் வழக்கு முடியும் வரை பிள்ளையின் தேர்வு காத்திருக்காது. அலைபேசிக் கோபுரத்தின் அலைவரிசை எந்தத் தெருவிலும் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் முன்பணம் கட்டிப் பயன்படுத்தும் சிம் நமக்கு முக்கியம்.

இனி கணக்குக்கு வருவோம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. அந்த ஏற்றத்துக்குப் பிறகு ஜியோவில் நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் 28 நாள் பேக்கின் விலை 299 ரூபாய். மொத்தம் 42 ஜி.பி. அதாவது ஒரு ஜி.பி. ஏழு ரூபாய்ச் சொச்சம். அதே நிறுவனத்தில் ஒரு ஜி.பி.யைத் தனி வவுச்சராக வாங்கினால் 19 ரூபாய். ஏர்டெல்லில் 22 ரூபாய். மொத்தமாக 299 புரட்ட முடிந்தவருக்கு ஏழு ரூபாய். இன்று கையில் இருபது ரூபாய் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டரை மடங்குக்கும் மேல்.

விலையோடு முடியவில்லை. அந்த 19 ரூபாய் வவுச்சர் முதலில் அடிப்படைப் பேக் முடியும் வரை செல்லுபடியானது. பிறகு அதை ஒரே நாளுக்குச் சுருக்கிவிட்டார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. என்பதும் அப்படித்தான். இன்று பயன்படுத்தாதது நள்ளிரவில் போய்விடும். நாளை பிள்ளைக்கு இரண்டு பாடத்துக்கு வகுப்பு இருந்தாலும் நேற்றைய மிச்சம் கைகொடுக்காது. ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடும். அந்த வேகத்தில் ஒரு விண்ணப்பப் படிவம்கூடத் திறக்காது.

மூன்றாவது பொறி, பெரும்பாலான டேட்டா வவுச்சர்கள் அடிப்படைப் பேக் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும் என்பது. மாதத்தில் நான்கு நாள் மட்டும் இணையம் தேவைப்படுகிறவரும் 28 நாளுக்குக் கட்டியாக வேண்டும். ‘மாதம்’ என்று சொல்லி 28 நாள் தருவதால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 முறை கட்டுகிறோம். 299 ரூபாய் பேக்கில் இந்தப் பதின்மூன்றும் சேர்ந்தால் 3,887 ரூபாய். நம் வருமானம் நாள் கணக்கில் வருகிறது. அறுவடைக்கும் நடவுக்கும் கட்டட வேலைக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறது. செலவை மட்டும் மாதச் சம்பளக்காரரைப் போலச் செய்யச் சொல்கிறார்கள்.

சிறு பாக்கெட்டில் விற்பதை நாம் எதிர்க்கவில்லை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கும் வழியைப் பரவலாக்கியவர் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். ஒரு பாட்டில் வாங்க முடியாதவரும் அதனால் ஷாம்பு வாங்கினார். பாதி பாக்கெட்டை மடித்து ஜன்னல் கம்பியில் செருகிவைத்தால் அடுத்த வாரமும் இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடைக்காரர் வீட்டுக்குள் வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. டேட்டாவில் மட்டும் அது நடக்கிறது.

விதிகள் மாறும் வரை, இருப்பதற்குள் நாம் புத்தியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை நேர வகுப்பு நடத்தும் தோழர்களுக்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் நாம் சொல்வது இவை.

முதலில் பார்க்க வேண்டியது விலை அல்ல, அலைவரிசை. கோபுரம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும். நம் குடியிருப்பு விளிம்பில் இருக்கும். விளம்பரத்தில் காட்டும் வரைபடத்தை நம்பாமல், அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் ஒருவரை மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு அழைத்து, அவருடைய ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்துப் பாருங்கள். எல்லோரும் கைபேசியைப் பார்க்கும் நேரத்தில் தாக்குப்பிடித்தால்தான் அது உதவும். முதல் சிம் எந்த நிறுவனமோ, இரண்டாவது வேறு நிறுவனமாக இருக்கட்டும். ஒரே கோபுரம் படுத்தால் இரண்டு சிம்மும் சேர்ந்து படுக்கும்.

இரண்டாவது, நாள் ஒதுக்கீட்டுப் பேக்கா, மொத்த ஒதுக்கீட்டுப் பேக்கா என்று பாருங்கள். தினமும் வகுப்பு இருந்தால் நாள் ஒதுக்கீடு சரி. மாதத்தில் சில நாள் மட்டும் அதிகம் தேவைப்படும் மாற்று இணைப்புக்கு, மொத்தமாகக் கொடுத்து, பேக் முடியும் வரை எந்த நாளில் வேண்டுமானாலும் செலவழிக்க விடுவதுதான் உகந்தது. ஒரு ஜி.பி. எவ்வளவு என்று கேட்பதைவிட, மிஞ்சுகிற ஜி.பி. எத்தனை நாள் இருக்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் விலை ஏற்றவில்லை. உங்கள் குடியிருப்பில் அதன் 4ஜி கிடைக்கிறதென்றால், இரண்டாவது சிம்முக்கு அதை முதலில் விசாரியுங்கள்.

மூன்றாவது, டேட்டா ஒழுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். இணைத்த உடனே விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கி, ஒரே மூச்சில் அன்றைய ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவையுங்கள். காணொளியை 480பி-யில் பாருங்கள்; கரும்பலகை எழுத்து அதிலும் தெரியும். கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தால் மின்கலம் தீராது, சூடும் குறையும். பழைய அரசு மடிக்கணினிகளில் வைஃபை தகராறு செய்யும்போதும் இந்த வழி வேலை செய்யும். ஹாட்ஸ்பாட்டுக்குக் கடவுச்சொல் கட்டாயம்.

நான்காவது, சிம் யார் பெயரில் என்பது. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரை வைத்திருக்கலாம். முடிந்தவரை இரண்டாவது சிம்மை வீட்டுப் பெண் பெயரில் வாங்குங்கள். உதவித்தொகைப் பதிவும் வங்கி ஓ.டி.பி.யும் அடுத்தவர் எண்ணுக்குப் போய், அவரிடம் கெஞ்சி நிற்கும் நிலை வேண்டாம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் வீட்டுக்குள் நாம் செய்துகொள்ளும் சிக்கனம். சிக்கனத்தால் நியாயம் வந்துவிடாது. உலகத்திலேயே மலிவான டேட்டா இந்தியாவில்தான் என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு ஒரு ஜி.பி.யின் சராசரி விலை பெரிதும் விழுந்தது உண்மைதான். அந்தச் சராசரிக்குள் ஏழு ரூபாய்க்காரரும் இருக்கிறார், இருபத்திரண்டு ரூபாய்க்காரரும் இருக்கிறார். ஜி.பி.யின் விலையை மட்டும் அளந்தால், உள்ளே நுழையக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை கண்ணுக்குத் தெரியாது. ஏழைக்கு இடிப்பது அந்த வாசற்படிதான்.

இதை மாற்றும் அதிகாரம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் இருக்கிறது. 2022 ஜனவரியில், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றையும் தர வேண்டும் என்று அது உத்தரவிட்டது. 2024 டிசம்பரில், இணையம் தேவைப்படாதவர்களுக்காகப் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான வவுச்சரைக் கட்டாயமாக்கியது. சிறப்பு வவுச்சர்களின் செல்லுபடிக் காலத்தின் உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. பேச்சு மட்டும் வேண்டுபவருக்குத் தனி வவுச்சர் தர வைக்க முடியுமென்றால், டேட்டா மட்டும் வேண்டுபவருக்கும் அதைச் செய்ய முடியும். அடிப்படைப் பேக் என்ற நிபந்தனை இல்லாமல், சிறு தொகைக்கு, ஓராண்டு வரை கெடாமல் இருக்கும் டேட்டா வவுச்சர் ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

நிறுவனத்தின் சரக்குக்கு விலை சொல்ல நாம் யார் என்று கேட்கலாம். அலைக்கற்றை அவர்கள் விளைவித்த சரக்கு அல்ல. 2012 பிப்ரவரி 2 அன்று 2ஜி வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்தபோது, அது மக்களுக்குச் சொந்தமான இயற்கை வளம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வளத்துக்கான உரிமக் கட்டணத்தில், ஊரகத்துக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே ஒரு பகுதி தனி நிதியாக ஒதுக்கப்படுகிறது. நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் ஐந்து விழுக்காடு அது. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. கோபுரம் நடுவதோடு அந்த நிதியின் வேலை முடிந்துவிடக் கூடாது.

மாநில அரசுக்கும் இது புதிய யோசனை அல்ல. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்கள் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நாளுக்கு இரண்டு ஜி.பி. தரும் விலையில்லா டேட்டா அட்டையை தமிழ்நாடு அரசு அறிவித்தது. நான்கு மாதத்துக்குச் செய்ய முடிந்ததைப் படிப்புக் காலம் முழுவதும் செய்யலாம். கேரளம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்ற இலக்குடன் 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. அதே கேரளத்தின் உயர் நீதிமன்றம், 2019 செப்டம்பரில், விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. மடிக்கணினியோடு ஒரு சிம்மும், படிப்பு முடியும் வரைக்கான டேட்டாவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் வைஃபை இருக்க வேண்டும். இது நம் இரண்டாவது கோரிக்கை.

தோழர்களே, உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் வருவதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குடியிருப்பில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த அலைவரிசை எட்டுகிறது, போன மாதம் ஒவ்வொரு வீடும் ரீசார்ஜுக்கு எவ்வளவு கட்டியது, அதில் எவ்வளவு டேட்டா பயன்படாமல் காலாவதியானது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பேக்கின் மிச்சத்தை நிறுவனத்தின் செயலியே காட்டும். டிராய் புதிய விதி கொண்டுவரும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அந்த மேசைக்கு நிறுவனங்கள் கட்டுக்கட்டாக அறிக்கை கொண்டுபோகின்றன. நம் தெருக்களின் கணக்கும் அங்கே போக வேண்டும்.