தேக்கம் தோல்வியன்று

மும்பையில் தமிழ் பயிலும் மாணவர் பலருக்கு முதல் சில மாதங்கள் விரைந்து கழிகின்றன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் வரிசை வரிசையாக வசப்படுகின்றன. புதிய வரிசையைக் கற்ற நாளில் வளர்ச்சி கண்ணுக்கே புலனாகிறது. பின்னர் வேறொரு கட்டம் வருகிறது. எழுத்துகள் அனைத்தும் தெரியும். ஆயினும் ஒரு பத்தியைப் படிக்க எழுத்துக் கூட்டித் தடுமாற நேர்கிறது. வாரங்கள் பல சென்றாலும் வேகம் கூடுவதில்லை. “இவனுக்குத் தமிழ் வராது” என்று வீட்டாரும், “எனக்கு வராது” என்று மாணவரும் முடிவு கட்டுவது இக்கட்டத்தில்தான். அம்முடிவு தவறானது.

இத்தேக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உளவியலாளர்களான பிரையன், ஹார்ட்டர் இருவரும் தந்தித் தொழில் பழகுவோரை ஆராய்ந்து 1897, 1899 ஆகிய ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டனர். செய்தியை அனுப்பும் திறன் தொடர்ந்து வளர்ந்தது. காதால் கேட்டு அறியும் திறனோ ஓரளவு வளர்ந்தபின் பல வாரங்கள் ஒரே நிலையில் நின்று, அதன்பின் மீண்டும் உயர்ந்தது. அவர்கள் கூறிய காரணம் இது: தொடக்கத்தில் பயில்வோர் தனித்தனி எழுத்துகளைக் கேட்கின்றனர், பின்னர் முழுச் சொற்களைக் கேட்கின்றனர், தேர்ந்தவர்கள் சொற்றொடர்களையே கேட்கின்றனர். கீழ்ப்படியின் பழக்கம் முயற்சியின்றி நிகழும் அளவுக்கு ஊறிய பின்னரே மேற்படி கைகூடும். எல்லாரிடத்தும் இத்தேக்கம் தோன்றும் என்பதைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை. எனினும், எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறும் படி செங்குத்தானது என்பதை வாசிக்கப் பழகுவோர் பலரும் உணர்வர்.

மும்பை மாணவருக்கு அப்படி சற்றுக் கூடுதலாகவே செங்குத்தானது. மராத்தியும் இந்தியும் எழுதப்படும் தேவநாகரியில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ‘க’ ஒன்றே. கடல், தங்கம், அகம் ஆகிய சொற்களில் அது வெவ்வேறாக ஒலிக்கிறது. ‘பம்பரம்’ என்பதில் முதற் பகரம் வன்மையாகவும் அடுத்தது மென்மையாகவும் ஒலிக்கும். ‘கொடி’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க, நடுவிலுள்ள ககரத்தையே முதலில் ஒலிக்க வேண்டும். மேலும், வீட்டில் “வந்துட்டாங்க” என்று கேட்ட செவிக்குப் புத்தகத்தின் “வந்துவிட்டார்கள்” உடனே பிடிபடுவதில்லை. ஆகவே வேகம் குன்றுவது அறிவுக் குறைவால் அன்று. கண்ணும் செவியும் இன்னும் ஒன்றோடொன்று இணங்காமையால்தான்.

இந்நிலையில் பலர் மாணவரை மீண்டும் எழுத்துப் பயிற்சிக்கே அனுப்புகின்றனர். ஒவ்வோர் எழுத்தையும் பத்து முறை எழுதச் சொல்கின்றனர். ல, ள, ழ போன்றவை மயங்கினால் அவற்றுக்கு மட்டும் அது பயன்படும். மற்றபடி, ஏறிய படியிலேயே மீண்டும் மீண்டும் நிற்பது மேலே செல்ல உதவாது. பயிற்சியின் தன்மையே மாற வேண்டும். நாற்பது சொற்கள் கொண்ட சிறு பத்தி ஒன்று போதும். பெரியவர் ஒருவர் அதனை உரக்கப் படிக்க, மாணவர் விரலால் தொடர்ந்து, பின்னர்த் தாமே படிக்க வேண்டும். அதே பத்தியை அடுத்த இரு நாளும் படித்து, ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதலாம். ஒப்பீடு தம் முந்தைய நாளோடு அமையட்டும்; அத்தை மகனோடு வேண்டா. ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் படிப்பதினும் நாள்தோறும் பத்து நிமிடம் படிப்பது சிறந்தது. நாட்காட்டித் தாள், திருமண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை ஆகியவையும் நல்ல பாடநூல்களே.

“மராத்தி, இந்தி, ஆங்கிலம் இருக்கத் தமிழெழுத்து எதற்கு?” என்று வினவுவோர் உண்டு. அம்மொழிகளும் வேண்டியவையே. ஆனால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் காதில் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள் முன்பே குடியிருக்கின்றன. முற்றிலும் புதிய மொழியைக் கற்பவருக்கு இல்லாத செல்வம் அது. அச்செல்வத்தை எழுத்தோடு இணைக்கும் பணி மட்டுமே எஞ்சியுள்ளது. அதனை இடையில் கைவிட்டால், அரும்பாடுபட்டுக் கற்ற 247 எழுத்துகளும் பழக்கமின்றி மங்கிவிடும். பாட்டியின் மொழி காதளவில் நின்றுவிடும். அவர் கைப்பட எழுதிய கடிதம் பேரனுக்கு வெறும் கோடுகளாய்த் தோன்றும்.

தெற்கிலிருந்து வந்தோர் இந்நகரில் 1932-ஆம் ஆண்டிலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தி வருகிறது. கற்பதற்கான வாயில் பல தலைமுறை உழைப்பால் திறந்துள்ளது. அவ்வாயிலில் நுழைந்தவர் முதற் தளர்ச்சியிலேயே திரும்பிவிடலாகாது. வேகம் கூடாத வாரத்திலும் ஒருவர் நாள்தோறும் படிக்கிறார் என்றால், அவர் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அதனை உணர்ந்து பொறுமையோடு உடன் அமர்ந்து கேட்பது வீட்டாரின் கடமை.

சிந்தித்து எழுதுக

1. செய்தி அனுப்புதல், செய்தியைக் கேட்டு அறிதல் இவ்விரண்டின் வளர்ச்சியில் ஆய்வாளர் கண்ட வேறுபாடு யாது?
2. ‘க’ வெவ்வேறாக ஒலிக்கும் வேறு மூன்று சொற்களை எழுதுக.
3. வீட்டில் வழங்கும் ஐந்து சொற்களையும் அவற்றின் எழுத்து வழக்கு வடிவங்களையும் பட்டியலிடுக.
4. “தேக்கம் தோல்வியன்று” என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தருக.