துணியின் பின்பக்கம்



சென்ற இதழில் வந்த தெருக்கூத்துக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ‘கலைஞருக்குப் பொன்னாடை போர்த்துகிற படமாகவே போடுகிறீர்கள். மறுநாள் காலையில் அவர் எந்த வேலைக்குப் போகிறார் என்று என்றைக்காவது எழுதியிருக்கிறீர்களா?’ படித்ததும் சுருக்கென்றது. எழுதியதில்லை என்பதுதான் உண்மை.

எனக்கும் ஒரு பழைய கடன் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. லம்பாடித் தையல் போட்ட குஷன் உறை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, “இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதாம்மா?” என்றேன். கடையிலிருந்த அம்மா வாதாடவில்லை. உறையை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கையில் கொடுத்தார். ஒரு முடிச்சும் துருத்தவில்லை, ஒரு நூலும் தொங்கவில்லை. முன்பக்கத்துக்கு இருந்த அதே ஒழுங்கு பின்பக்கத்துக்கும் இருந்தது. ஒரு விரல் அகலத்துக்குள் எத்தனை தையல் என்று எண்ணப் பார்த்தேன். பதினெட்டுக்கு மேல் கண் தடுமாறியது. “எத்தனை நாள் வேலைம்மா?” என்றேன். “காட்டுல அறுப்பு இருந்தா பத்து நாள், இல்லைன்னா நாலு நாள்” என்றார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் ‘பத்து நாள், நாலு நாள்’ கணக்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தத் தையல் நம் மாவட்டத்திலேயே உயிரோடு இருக்கிறது. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரோடு லம்பாடிகளும் அங்கே தாண்டா எனப்படும் தங்கள் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க நடந்தவர்கள் லம்பாடிகள். ரயில் வந்ததும் பொதிமாட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிச் சட்டம், நாடோடிகளாகத் திரிந்த பலரையும் போல இவர்களில் பலரையும் பிறவிக் குற்றவாளிகள் ஆக்கியது. அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்ற நிலை வந்தபின், கண்ணாடியும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடையை யார் கட்டுவார்கள்? கடைச் சேலை வந்தது, ஊசி மூலைக்குப் போனது.

சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் பழங்குடி மக்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முதலில் வெறும் கூரைக் கொட்டகை. அந்த முயற்சியின் ஒரு கிளையாக 2006-இல் பிறந்ததுதான் ‘போர்கை’ என்ற தையல் அமைப்பு. லம்பாடிப் பேச்சில் அதற்குப் பெருமிதம் என்று பொருள். அப்போது பழைய தையல் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மூதாட்டிகள்தான். நடுவில் ஒரு தலைமுறை ஊசியைத் தொடவே இல்லை. பாட்டிகளிடம் பேத்திகள் கற்றார்கள். இன்று 60 பெண்களுக்கு மேல் தைக்கிறார்கள். பிழைப்புக்குத் திருப்பூர்ப் பக்கம் போக வேண்டியிருந்த பெண்களுக்கு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கூலி கிடைக்கிறது. மழை வந்தால் காட்டு வேலை, ஓய்ந்தால் ஊசி.

பக்கத்துக் கர்நாடகத்தில் லம்பாடிகளை லம்பானி என்பார்கள்; அங்கே சண்டூர் லம்பானித் தையலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. 2023-இல் ஹம்பியில் நடந்த ஜி20 கூட்டத்தின்போது 1,755 லம்பானிப் பொருட்களை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் சாதனையும் செய்தார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் சாதனைக்கு மறுவாரம் வருகிற ஆர்டர்தான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

படித்த ஓவியர்களுக்கும் இதே கதைதான். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அந்த நிலத்தை வாங்கித் தந்தது பாடிக் துணி விற்ற காசு. காலையில் விற்பனைக்குக் கைவினை, மீதி நேரத்தில் தன் மனதுக்கு ஓவியம். படத்தை யாரும் வாங்காத மாதத்திலும் அடுப்பு எரிந்தது. கண்காட்சிக் கூடமும் அருங்காட்சியகமும் அதற்குப் பிறகு வந்தவை.

நம் ஊர் நிலவரம் எனக்கு நேரிலேயே தெரியும். ஒரு முறை நண்பரின் இருபது ஓவியங்களை மக்கள் பார்வைக்கு வைக்க இடம் தேடி, கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தைப் பிடித்தோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் மேனேஜர். சாமியானாக் கம்பியில் சணல் கட்டித் தொங்கவிட்டோம். மின்விசிறியைப் போட்டால் படமெல்லாம் ஊஞ்சலாடும், நிறுத்தினால் பார்க்க வந்தவர்கள் வியர்த்து ஓடுவார்கள். இரண்டு நாளில் விற்றது ஒன்றே ஒன்று. வாங்கியவர் சமையல் காண்டிராக்டர்! இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. படம் வாங்கும் ஆள் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சுவர் இருந்தால் அவரே வந்து நிற்பார் போலிருக்கிறது.

வாசகிக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் செய்திருக்கிறோம். இத்தனை காலமும் அட்டை ஓவியத்துக்குப் பதிலாக ஐந்து பிரதியும் ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பிவந்தோம். இந்த இதழிலிருந்து பணமாகவே தருகிறோம், அதுவும் வரையும் முன்பே. தொகை சின்னதுதான், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அட்டை வரைந்த தம்பி நேற்று அலுவலகம் வந்திருந்தார். வவுச்சரை நீட்டினேன். என்ன நினைவில் இருந்தாரோ, படத்தில் போடுவது போலவே வலது கீழ் ஓரத்தில் சாய்த்துக் கையெழுத்திட்டு, பக்கத்தில் வருஷத்தையும் போட்டுவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்